ஸ்டீரொயிட்டால் கெட்ட இடுப்பு மூட்டு: ஸ்டெம் செல்லா, துளையிடலா, புது மூட்டா?

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை எடுத்து, இடுப்பு மூட்டின் பந்தாகிய தொடை எலும்பின் தலை குருதியின்றிக் கெட்டுப்போனவருக்கு இன்று ஐந்து வழிகள் சொல்லப்படுகின்றன: பார்த்திருப்பது, குளிசை, எலும்பில் துளையிட்டு அமுக்கத்தைக் குறைப்பது, அந்தத் துளைக்குள் சொந்த மச்சையின் (எலும்புக்குள் இருக்கும் மென்மையான பகுதியின்) ஸ்டெம் செல்லை, அதாவது புது எலும்பாக மாறக்கூடிய கலத்தை, விடுவது, மூட்டையே மாற்றுவது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. தலை இன்னும் உருண்டையாக இருக்கிறதா, நசிந்துவிட்டதா என்பதை முதலில் அறிய வேண்டும். நசிய முன்னர் ஸ்டெம் செல் யோசிக்கத்தக்க வழி. நசிந்த பின்னர் அதற்காகக் காணியை ஈடு வைப்பது வீண்.

தலைக்குக் குருதி கொண்டுபோகும் நாடிகள் மெல்லியவை. தொடை எலும்பின் கழுத்தோடு ஒட்டி ஏறும் அவை அடைபட்டால் மாற்றுவழி குறைவு. கூடிய அளவு ஸ்டீரொயிட், மச்சைக்குள் இருக்கும் கொழுப்புக் கலங்களைப் பெருக்கி வீங்க வைக்கிறது. கெட்டியான எலும்புக்குள் விரிய இடமில்லாததால் அமுக்கம் ஏறி நுண்குழாய்கள் நெரிபடுகின்றன. கொழுப்புத் துகளும் சிறு உறைகட்டிகளும் மிச்சத்தை அடைக்கின்றன. ஆனாலும் எலும்பு இறந்தவுடன் நசிவதில்லை. உடம்பு செத்த எலும்பைக் கரைத்துப் புதியதைக் கட்டத் தொடங்கும்போது கரைப்பு முந்திக்கொள்கிறது. அப்போதுதான் தாங்குதிறன் குறைந்து, தலையை மூடியிருக்கும் கசியிழையத்துக்குக் (குருத்தெலும்புக்குக்) கீழே வெடிப்பு விழுகிறது. இதற்கு மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். மூட்டைக் காப்பாற்றும் சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் கிடைப்பது இந்த இடைவெளி மட்டுமே.

எவ்வளவு மருந்து ஆபத்து? இத்துறையின் சர்வதேச அமைப்பான ஆர்கோ, மூன்று மாதத்துக்குள் 2 கிராமுக்கு மேல் பிரெட்னிசொலோன் எடுத்து, அதன் பின் இரண்டு வருடத்துக்குள் நோய் கண்டால் அதை ஸ்டீரொயிட்டால் வந்தது என்று வகைப்படுத்துகிறது. 2 கிராம் என்பது 5 மில்லிகிராம் குளிசை 400. நெஃப்ரோடிக் (சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக வருத்தம்), லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் வருத்தம்), கடும் தோல் வருத்தம் போன்றவற்றுக்கு நாளொன்றுக்கு எட்டுக் குளிசை எடுப்பவர் 50 நாளில் அந்த அளவைத் தொட்டுவிடுவார். கொரோனாவுக்குப் பத்து நாள் கொடுத்த டெக்ஸாமெதசோன் 6 மில்லிகிராம், மொத்தத்தில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம், அதாவது அந்த எல்லைக்கு நன்றாகக் கீழே. ஆஸ்துமா இன்ஹேலரில் வரும் அளவு மிகச் சிறியது. இடுப்புக்குப் பயந்து அதை நிறுத்தினால் மூச்சுத்தான் போகும். அதிகம் கவலைப்பட வேண்டியது, மூட்டு வலிக்கும் சொறிக்கும் பெயர் எழுதாத கடதாசிப் பையில் வாங்கி மாதக்கணக்கில் எடுக்கும் சின்னக் குளிசைகளையும், உடனே சுகம் தரும் சூரணங்களையும் பற்றித்தான். முகம் உருண்டு வந்தால், எடுத்தது எதுவாக இருந்தாலும் மிச்சத்தைப் பையோடு வைத்தியரிடம் காட்டுங்கள். ஆனால் வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீரொயிட்டை நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரக்க மறந்திருக்கும். குருதி அமுக்கம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கசிப்பும் சாராயமும் இதே நோயைத் தனியாகவே உண்டாக்கக்கூடியவை. இரண்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

முதல் செலவு படத்துக்கு

இந்த வலி பெரும்பாலும் தொடைச் சந்தில் தொடங்கும். சிலருக்கு முழங்காலில் மட்டும் குத்தும். முழங்காலைப் படமெடுத்து, ஒன்றுமில்லை என்று வலிநிவாரணியோடு அனுப்பப்பட்டவர்கள் பலர். மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடித்துப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது இடுப்புக்குள் இறுக்கமும் வலியும் வந்தால் சந்தேகம் இடுப்பின் மேல்தான் இருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயை வன்னியில் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் எடுக்கலாம். நேர்ப்படம் மட்டும் போதாது. முழங்காலை மடித்துத் தொடையை அகற்றி எடுக்கும் தவளைக்கால் படமும் வேண்டும். தலையின் முன்பக்கத்தில் பிறை போல விழும் முதல் வெடிப்பு அதில்தான் பிடிபடும். முதல் கட்டத்தில் எக்ஸ்ரே முழுக்கச் சரியாகவே இருக்கும். அப்போது நோயைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. அதற்குப் பெரும்பாலும் வன்னிக்கு வெளியே போக வேண்டியிருக்கும். நோய் பாதிப் பேருக்கு மேல் இரண்டு பக்கமும் இருப்பதால், வலிக்கும் பக்கத்தோடு மற்றதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நிற மருந்து ஊசி பொதுவாகத் தேவையில்லை. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இதைக் கேட்டு உறுதிப்படுத்துவது நல்லது.

வன்னியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எறிகணைத் துண்டோ சன்னமோ உடம்பில் தங்கியிருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக முன்னர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய காயம்தானே, இருபது வருடமாகிறதே என்று விடக்கூடாது. துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. முடியவே முடியாது என்றில்லை. கண், முள்ளந்தண்டு, பெரிய நாடி ஆகியவற்றின் பக்கத்தில் இருக்கும் இரும்புத் துண்டுதான் பெரிய ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு முடிவு செய்வார்கள். இடுப்புக்கு அருகிலேயே துண்டு இருந்தால் படம் கலங்கி உதவாமல் போகலாம். அப்போது சி.டி. அல்லது என்பு ஸ்கான்.

அறிக்கையில் மூன்று விடயங்களைத் தேடுங்கள்: கட்டம், சேதத்தின் பருமன், வெடிப்பு. எக்ஸ்ரே சரி, எம்.ஆர்.ஐ. பிழை என்றால் முதல் கட்டம். எக்ஸ்ரேயில் இறுகிய திட்டுகள் தெரிந்தும் தலை உருண்டையாக இருந்தால் இரண்டாம் கட்டம். வெடிப்பு விழுந்தால் மூன்றாம் கட்டம். நசிவு 2 மில்லிமீற்றருக்குள் என்றால் 3ஏ, தாண்டினால் 3பி. மூட்டின் குழியும் தேய்ந்தால் நான்கு. பருமனில், தலையின் 15 வீதத்துக்குள் என்றால் சிறியது, 30ஐத் தாண்டினால் பெரியது என்று கொள்ளலாம். சிறு வெடிப்பைக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ.யை விடச் சி.டி. கூர்மையானது. எனவே ஸ்டெம் செல்லுக்குப் பணம் கட்ட முன்னர் ஒரு சி.டி. எடுத்து வெடிப்பு இல்லை என்று உறுதிப்படுத்துவது, பின்னால் வரும் பெரிய செலவைத் தவிர்க்கும்.

பார்த்திருப்பதும் குளிசையும்

வலியில்லாத, சிறிய, உட்பக்கமாக அமைந்த சேதம் நசிவது அரிது. அதைத் துளையிடாமல் ஆறு மாதத்துக்கொரு படம் எடுத்துப் பார்த்திருக்கலாம். பாரம் தாங்கும் மேற்பக்கத்தில் இருக்கும் நடுத்தர, பெரிய சேதம் அப்படியல்ல. அதைப் பார்த்திருப்பது நசிவதைப் பார்த்திருப்பதாகவே முடியும்.

எலும்பு கரைவதைத் தடுக்க அலெண்ட்ரோனேற் 70 மில்லிகிராம் வாரத்துக்கு ஒரு குளிசை கொடுப்பதுண்டு. தைவானில் 2005 இல் வந்த சிறிய ஆய்வில், மருந்து எடுத்த 29 இடுப்புகளில் 2 மட்டும் நசிந்தன. எடுக்காத 25 இல் 19 நசிந்தன. அதே நாட்டில் 2012 இல் பல வைத்தியசாலைகள் சேர்ந்து செய்த ஆய்வில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. மலிவு என்பதால் சேர்த்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக்கூடாது. எடுக்கும் முறையில்தான் பிழை விடுகிறார்கள்: காலை வெறுவயிற்றில், ஒரு கோப்பை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமலும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும். தண்ணீரில் உள்ள கல்சியம் இந்த மருந்தைக் குடலில் பிடித்துவைத்துவிடும். கேத்தலில் வெள்ளையாகப் படியும் வன்னிக் கிணற்றுத் தண்ணீரை விட்டு, வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் விழுங்குங்கள். தேநீரோடு வேண்டவே வேண்டாம். சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் 35க்குக் கீழ் இறங்கியவர்களுக்கு இந்த மருந்து கூடாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கும் நிலையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் குருதிச் சோதனை பார்க்காமல் தொடங்குவது சரியல்ல. வலிக்கு டைக்குளோபெனக்கைத் தொடர்ந்து எடுப்பதும் அதே சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

துளையிடல்

முள்ளந்தண்டில் ஊசி போட்டு விறைக்கச் செய்து, எக்ஸ்ரேத் திரையைப் பார்த்தபடி தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து சேதம் வரை துளை போடுவார்கள். பழைய முறை 8 முதல் 10 மில்லிமீற்றர் வரை ஒரே துளை. 3 மில்லிமீற்றர் அளவில் இரண்டு மூன்று துளைகள் போடும் முறையில் எலும்பு பலவீனப்படுவது குறைவு. துளை தொடங்கும் இடம், தொடை எலும்பின் மேற்பகுதியில் உட்பக்கம் இருக்கும் சிறு முண்டின் மட்டத்துக்குக் கீழே போனால் பின்னர் தொடை எலும்பு அந்த இடத்திலேயே முறியலாம். இந்தச் சத்திரசிகிச்சையின் மோசமான விளைவு அதுதான். அமுக்கம் இறங்கியதும் வலி சட்டென்று குறையும். வலி குறைந்ததை வைத்து மூட்டுத் தப்பிவிட்டது என்று எண்ணி ஊன்றுகோலை மூலையில் வைப்பவர்கள், துளை போட்ட எலும்பில் முழுப் பாரத்தையும் ஏற்றுகிறார்கள். ஆறு வாரம் அரைப் பாரம், அதன் பின்னும் சில மாதம் ஓட்டமோ குதிப்போ சாக்குமூட்டை தூக்குவதோ இல்லை என்பதுதான் கணக்கு. சாதாரண எலும்புச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருக்கும் கருவிகளே இதற்குப் போதும். அரச வைத்தியசாலையில் எட்டக்கூடிய வழியும் இதுவே.

ஸ்டெம் செல் என்ற பெயரில் விற்பவை

ஒரே பெயரில் குறைந்தது நான்கு வேறு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. முதலாவது, சொந்த இடுப்பெலும்பின் மச்சையை உறிஞ்சி, சுழற்றிச் செறிவாக்கி, துளையிட்ட தலைக்குள் அதே நாளில் விடுவது. ஆய்வுச் சான்றில் பெரும்பங்கு இதற்குத்தான். இரண்டாவது, மச்சையிலிருந்து எடுத்த கலங்களை ஆய்வுகூடத்தில் வாரக்கணக்கில் வளர்த்து விடுவது. இதற்கு இரு தடவை போக வேண்டும், செலவும் பல மடங்கு. கலம் கூடுவதால் பலனும் அதே மடங்கு கூடும் என்று எண்ண வேண்டாம். மூன்றாவது, மூட்டுக் குழிக்குள் ஊசியால் விடுவது. செத்த இடம் கசியிழையத்துக்கு உள்ளே, எலும்புக்குள் இருக்கிறது. குழிக்குள் விட்டது அங்கே போய்ச் சேராது. நான்காவது, தொப்புள்கொடியிலிருந்து எடுத்த பிறருடைய கலங்களைச் சேலைன் போல நரம்பில் ஏற்றுவது. பிந்திய இரண்டுக்கும் எங்கள் தீர்ப்பு ஒன்றே: வேண்டாம். குருதித் தட்டுகளைச் செறிவாக்கிப் போடும் பி.ஆர்.பி. ஊசியையும் சிலர் இதே பெயரில் சொல்வதுண்டு. அதில் ஸ்டெம் செல் இல்லை.

முதலாவதின் சான்று என்ன? பிரான்சின் கிரெத்தேய் நகரில் பிலிப் எர்னிகு இதை வளர்த்தெடுத்தார். 2002 இல் அவர் வெளியிட்ட 189 இடுப்புகளின் கணக்கில், நசிய முன்னர் செய்த 145 இல் 9க்கு மட்டுமே பின்னர் புது மூட்டு தேவைப்பட்டது. நசிந்த பின்னர் செய்த 44 இல் 25க்குத் தேவைப்பட்டது. 2018 இல் வந்த அவரது ஆய்வு ஸ்டீரொயிட்டால் இரு பக்கமும் கெட்ட 125 பேரைப் பற்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வெறும் துளை, மறுபக்கம் துளையோடு மச்சைச் செறிவு. சராசரி 25 வருடத்தின் பின் வெறும் துளைப் பக்கத்தில் 76 வீதத்துக்கும், மச்சைப் பக்கத்தில் 24 வீதத்துக்கும் மூட்டு மாற்ற நேர்ந்தது. ஒரே உடம்பு, ஒரே மருந்து, ஒரே பாரம். இதைவிட நேர்மையான ஒப்பீடு அமைவது கடினம். ஆனாலும் இது ஒரே மையத்தின், மிகப் பழகிய கையின் பலன். ஊரில் முதல் தடவை செய்பவரிடம் அதே வீதத்தை எதிர்பார்க்க முடியாது. எதிர்ப்பக்கச் சான்றும் அதே 2018 இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் யாருக்கு எது என்று தெரியாமல் நடத்திய ஆய்வில், மூன்றாம் கட்டத்தில் மச்சைச் செறிவு எந்தப் பலனும் தரவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோடு எங்கே விழுகிறது என்று தெரிகிறது.

செய்முறையில் தவறும் இடங்களை அறிந்திருந்தால் நல்ல கேள்வி கேட்கலாம். ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிலீற்றர் மச்சை தேவை. சிறு ஊசிக்குழலால் ஓரிடத்தில் 2 முதல் 4 மில்லிலீற்றர் வரை சடாரென்று உறிஞ்சி, ஊசியைத் திருப்பி, அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஒரே துளையில் 60 மில்லிலீற்றர் இழுத்தால் வருவது சாதாரணக் குருதி. உறையாமல் இருக்க மருந்து கலக்காவிட்டால் சுழற்றும்போது கட்டியாகிவிடும். தலைக்குள் துளை, செத்த பகுதியைச் சுற்றியிருக்கும் இறுகிய வரம்பைத் தாண்டாவிட்டால் கலங்கள் வெளியே நின்றுவிடும். கசியிழையத்தைத் துளைத்துவிட்டால் மூட்டுக்குள் ஒழுகிவிடும். மெதுவாக விட்டு, துளை வாயை எலும்புத் துண்டால் அடைக்காவிட்டால் வந்த வழியே திரும்பும்.

இன்னொரு தடை நோயாளியிடமே இருக்கிறது. ஸ்டீரொயிட்டும் மதுவும் மச்சையில் உள்ள ஸ்டெம் செல்களின் எண்ணிக்கையையே குறைக்கின்றன. ஏற்கெனவே கருவுள்ள கலங்களில் பத்தாயிரத்தில் ஒன்று கூடத் தேறாத பொருள் அது. நாளுக்கு 30 மில்லிகிராம் எடுத்துக்கொண்டே இந்தச் சிகிச்சைக்குப் போவதை விட, அடிப்படை வருத்தத்தைப் பார்க்கும் வைத்தியரிடம் அளவைக் குறைக்க வழியுண்டா, வேறு மருந்து சேர்க்கலாமா என்று முதலில் கேட்க வேண்டும். ஸ்டீரொயிட் எடுப்பதை மயக்க மருந்து வைத்தியருக்கும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சை நேரம் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் ஊசி தேவைப்படலாம்.

சென்னைக்குப் போக நினைப்பவர்களுக்கு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டல், குருதி நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை போன்ற ஏற்கப்பட்டவை தவிர்ந்த ஸ்டெம் செல் பயன்பாட்டை ஆய்வாகவே கொள்கிறது. கொடுப்பது அனுமதி பெற்ற தயாரிப்பா, பதிவான ஆய்வா, இரண்டும் இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். எந்தக் கட்டத்துக்குச் செய்ய மறுப்பீர்கள் என்றும் கேளுங்கள். எல்லாக் கட்டத்துக்கும் செய்வோம் என்ற பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம். பலாலியிலிருந்து விமானம் இருப்பது போவதற்கு வசதிதான். ஆனால் ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் படம் எடுத்துப் பார்ப்பது இங்கேதான் நடக்க வேண்டும். அதை ஏற்கும் வைத்தியரைப் புறப்பட முன்னரே பேசி வையுங்கள், எம்.ஆர்.ஐ. தட்டையும் சத்திரசிகிச்சைக் குறிப்பையும் கையோடு கொண்டு வாருங்கள்.

காலின் சிற்றெலும்பை அதன் நாடியோடு எடுத்துத் தலைக்குள் நடும் முறையும் உண்டு. நுண்நாடி தைக்கும் திறன் வேண்டும், எலும்பு எடுத்த காலும் நோகும், பின்னர் மூட்டு மாற்றுவதும் சிக்கலாகும். மச்சைச் செறிவு தோற்றாலும் அந்தக் கடைசிச் சிக்கல் இல்லை. புது மூட்டுக்கு வழி அப்படியே திறந்திருக்கும்.

புது மூட்டு

3பி, நான்காம் கட்டம் என்றால் வலியைத் தீர்ப்பதில் மூட்டு மாற்றத்துக்கு இணை எதுவுமில்லை. இளவயதுக்காரர்களுக்குத்தான் தயக்கம். 2019 இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த பெரிய கணக்கின்படி இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 89 வீதம் 15 வருடமும், 70 வீதம் 20 வருடமும், 58 வீதம் 25 வருடமும் நின்றன. அறுபது வயதுக்காரருக்கு ஒரு மூட்டே போதுமானதாக இருக்கலாம். இருபத்தைந்து வயதில் மாற்றுபவர் இன்னொன்றோ இரண்டோ மாற்ற ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்காக, நசிந்த தலையோடு பத்து வருடம் நொண்டி, வேலையையும் தொடைத் தசையையும் இழப்பதும் சரியல்ல.

வீட்டை முன்னரே மாற்ற வேண்டும். முதல் மூன்று மாதம் இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடிக்கக்கூடாது, காலைக் குறுக்கே போடக்கூடாது. மீறினால் மூட்டு கழலலாம். குந்து கக்கூசின் மேல் வைக்கும் கொமோட் கதிரை, கட்டில், கை வைத்த உயரமான கதிரை ஆகியவை சத்திரசிகிச்சைக்கு முதலே வீட்டில் இருக்க வேண்டும். பாயில் படுத்தெழும்புவது, பதிந்த ஆட்டோவுக்குள் குனிந்து ஏறுவது இரண்டும் ஆபத்து. பின்னரும் குந்தியிருந்து களை பிடுங்குவது, கச்சான் ஆய்வது, கரைவலை இழுப்பது போன்றவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். மறுகாலை இழந்தவர்கள் செயற்கைக் காலின் பொருத்தத்தை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் முதல் வாரங்களில் பாரம் பெரும்பாலும் அதில்தான். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம் என்றாலும் மூட்டுப் பொருளை வெளியே வாங்கச் சொல்லலாம். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வாங்கிய பின் அல்ல, வாங்க முன்னர்.

எப்போது போவது

துளையிடலோ மச்சைச் செறிவோ, ஆறு வாரம் ஊன்றுகோலும் பிறகு சில மாதம் இலேசான வேலையும் என்றால் கமக்காரருக்கு ஒரு போகம் போகும். கார்த்திகை, மார்கழி மழையில் முற்றம் சேறாகும்போது ஊன்றுகோல் வழுக்கும். அடியில் உள்ள இறப்பரைப் புதிதாக மாற்றுங்கள், கிணற்றடிக்குப் போவதை விட்டு உள்ளே குளிக்க வசதி செய்யுங்கள். இரு பக்கமும் ஒன்றாகச் செய்தால் வீட்டில் தூக்கிவிட ஆள் வேண்டும். சேதம் சிறிது, வலி குறைவு என்றால் காலபோக அறுவடை முடிந்து பங்குனியில் போவதில் பிழையில்லை, அதுவரை நெல்மூட்டையில் கை வைக்காவிட்டால். வெடிப்பு இல்லாத பெரிய சேதம் என்று அறிக்கை வந்தவர் அறுவடை வரை காத்திருக்கக்கூடாது. வயலை அந்தப் போகத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த கிளினிக் நாளிலேயே திகதி கேட்க வேண்டும்.